வலது கண் மட்டும்

அத்தியாயம் 6

கண் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே வேல்பாண்டிக்குக் கண் கரித்தது. முந்தின ராத்திரி லென்ஸைக் கழற்றாமல் தூங்கிவிட்டான். முந்தின ராத்திரி மட்டும் என்று சொன்னால் அது பொய். மாதம் ஒரு முறை மாற்ற வேண்டிய லென்ஸைத் தீபாவளிக்கு வாங்கி, அதே லென்ஸில் பொங்கலையும் பார்த்தவன் அவன்.

"என்னடா, அழுதுக்கிட்டே வர்ற?" என்றாள் மீனாள்.

"நம்ம கட்சிக்காரர் சொன்ன கதையை நெனச்சேங்க்கா. உருக்கமா இருந்துச்சு."

காரைக்குடியில் முறுக்குக் கடை மாடியில் இருக்கும் மீனாள் துப்பறியும் நிலையம், திறந்த நாளிலிருந்து துப்பறிந்ததெல்லாம் மாப்பிள்ளைகளைத்தான். மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, பெண்ணுக்குக் காதல் உண்டா, மாமியாருக்கு வாய் உண்டா என்று கண்டுபிடித்துச் சொல்வது தொழில். அதற்கு மீனாளின் மூளையும் வேல்பாண்டியின் ஸ்கூட்டரும் போதுமானதாக இருந்தன. நேற்றுத்தான் முதல்முறையாக ஒரு 'விஷ' கேஸ் படியேறி வந்தது. அந்த மரியாதைக்காகவே வேல்பாண்டி இன்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான்.

வந்தவர் கோட்டையூர் நாகேந்திரப் பத்தர். நகை செய்கிறவர், கை நேர்த்திக்கு ஊரெல்லாம் பேர். "மருந்து வச்சுட்டாங்கம்மா. கல்யாணத்துக்கு நிக்கிற எம்பொண்ணு சிந்து கண்ணுல மருந்து வச்சுட்டாங்க" என்று கண் கலங்கினார். குற்றவாளியின் பெயரையும் அவரே கொண்டு வந்திருந்தார். அவர் மனைவியின் அண்ணன் மகன், காளிதாஸ். சிந்துவைப் பெண் கேட்டவன், பத்தர் மறுத்துவிட்டார். சிந்துவின் லென்ஸை ஊறப்போடும் மருந்துப் பாட்டிலை வாங்கி வந்து கொடுத்ததும் அவன்தான். "நீங்க நிரூபிச்சாப் போதும்" என்றார் பத்தர். இலை போட்டு, பிசைந்து, உருட்டியும் வைத்துவிட்டார். மென்று விழுங்குவது மட்டும்தான் துப்பறியும் நிலையத்தின் வேலை.

டாக்டர் ரேணுகாவுக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. அவருக்கு வேறு அவசரம்.

"வலது கருவிழியில புண்ணு. மேல கீறல், சுத்தி வெந்த மாதிரி சிவப்பு. கிருமியா, இல்லை காரமா எதுவும் பட்டுச்சான்னு அடிச்சுச் சொல்ல முடியலை. லேப்ல இருந்து பதில் வர நாளாகும்."

"வரட்டுமே டாக்டர்" என்றான் வேல்பாண்டி.

"கண்ணு காத்திருக்காது. ஒரு சொட்டு மருந்து இருக்கு. காரம் பட்ட புண்ணுன்னா அதை இன்னைக்கே ஆரம்பிக்கணும். ஆரம்பிக்காட்டி தழும்பு விழுந்து பார்வை மங்கிரும். கிருமிப் புண்ணுல அதை விட்டா, புண்ணுக்கு நானே தீனி போட்ட மாதிரி. அந்த லென்ஸுல என்ன பட்டுச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். அவங்க வீட்டுலயும் சொல்லியிருக்கேன். யாரு செஞ்சாங்கன்னு நீங்க மெதுவாக் கண்டுபிடிங்க."

"ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணும் தெரிஞ்சிரும்" என்றாள் மீனாள். "அந்த லென்ஸ் எங்க இருக்கு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருஷ்டி கழிச்சு அடுப்புல போட்டுட்டாங்களாம். டப்பாவோட."

"உப்பு, மிளகாய், லென்ஸு" என்றான் வேல்பாண்டி. "தாளிச்சு இறக்க வேண்டியதுதான் பாக்கி."

மீனாள் சிரிக்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய ஒரே பொருளைக் குடும்பமே கூடி நின்று, மூன்று தெருவுக்கு நெடியடிக்க எரித்திருக்கிறது. நம் ஊரில் ஒரு குற்றவாளி தடயத்தை அழிக்கப் பாடுபட வேண்டியதே இல்லை. கொஞ்சம் பொறுமையாக இருந்தால் பாதிக்கப்பட்டவர்களே அழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

சிந்து உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. கட்டின் மேலேயே மூக்குக் கண்ணாடியை மாட்டி, மிச்சம் இருந்த ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்தாள். நகைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிற பெண். அவள் வரைவதைத்தான் அவளுடைய அப்பா தங்கத்தில் செய்கிறார்.

"லென்ஸை எப்படி வச்சுக்குவ? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள் மீனாள்.

"சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரமில்லாமத் துடைச்சுட்டுத்தான் தொடுவேன். கழட்டுனதும் உள்ளங்கையில வச்சு மருந்து விட்டுத் தேய்ச்சு அலசுவேன். டப்பாவுல இருக்க பழைய மருந்தைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தித்தான் உள்ள போடுவேன்."

"கொட்டணுமா?" என்றான் வேல்பாண்டி. கேட்ட பிறகுதான் வாயை மூடினான். அவன் பழசில் பாதியை மிச்சம் வைத்து, அதன் மேலேயே புதுசை ஊற்றுவான். தயிருக்கு உறை குத்துகிற கணக்கு.

"தண்ணியில அலசுவியா?"

"தண்ணியா? குழாத்தண்ணி, கேன் தண்ணி, காய்ச்சி ஆறின தண்ணி, எதுவுமே ஆகாதுக்கா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். குளிக்கப் போறப்பக் கூட கழட்டிருவேன். தூங்குறப்பக் கழட்டிருவேன். காளி மச்சான்தான் இதையெல்லாம் ஒப்பிக்க வச்சுட்டு, கடையை விட்டே கூட்டிட்டு வந்துச்சு."

காளி மச்சான். கண்ணைக் கெடுக்க நினைக்கிறவன், கண்ணைக் காப்பாற்றுகிற பாடத்தை ஒப்பிக்க வைப்பானா என்று வேல்பாண்டிக்கே தோன்றியது. மீனாளின் முகத்தைப் பார்த்தான். அது ஊறுகாய் ஜாடி மாதிரி மூடியே இருந்தது.

"வலி வந்ததுக்கு முந்தின நாள், வழக்கத்துக்கு மாறா எதுவும் நடந்துச்சா?"

சிந்து யோசித்தாள். "வலது லென்ஸைத் தொலைச்சுட்டேன். இல்லை, தொலைச்சுட்டதா நெனச்சேன்."

"அது என்ன, தொலைச்ச மாதிரியும் தொலைக்காத மாதிரியும்?"

"முன்கூடத்துல, அப்பா பட்டறை வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். வெளிச்சம் நல்லா வரும்னு அங்கதான் நின்னு கழட்டுவேன். இடதைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டேன். வலதைக் கழட்டுறப்ப விரல்ல இருந்து நழுவிருச்சு. நானும் அம்மாவும் செல்போன் வெளிச்சத்துல தரையெல்லாம் தடவிப் பார்த்தோம், கிடைக்கலை. சரி, புதுசு பிரிச்சுக்குவோம்னு படுத்துட்டேன். காலையில டப்பாவைத் திறந்தா ரெண்டுமே இருக்கு. சரி, உள்ள போட்டுட்டுத்தான் விழுந்துருச்சுன்னு தேடியிருக்கோம், நமக்குத்தான் கல்யாணப் பதட்டம்னு சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கண்ணுல வச்சேன்."

"வச்சதும் எரிஞ்சிருக்குமே. ஏன் உடனே கழட்டலை?"

அந்தக் கேள்விக்கு மட்டும் சிந்துவுக்குக் கோபம் வந்தது. "நாச்சியாபுரத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டு ஆளுக புடவையோட வந்து இறங்கிட்டாகக்கா. கண்ணாடி போடாத பொண்ணு வேணும்னுதான் அவுக கேட்டதே. அவுக காப்பி குடிச்சிட்டுக் கிளம்புற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அவுக ரெண்டு தடவை காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சாக. எனக்குக் கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது. பிறந்த வீட்டைப் பிரியப் போறதை நெனச்சு இப்பவே அழுகுது பாரு, எம்புட்டு நல்ல பிள்ளைன்னு அவுகளுக்கு ஒரே பெருமை."

வேல்பாண்டிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது.

"எனக்குச் சோறு போடுறதே இந்தக் கண்ணுதான்" என்றாள் சிந்து. "போயிருமாக்கா?"

"போக விட மாட்டோம்" என்றாள் மீனாள். பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரே முகத்தைக் காட்டிப் பழகியவளுக்கு அதைச் சொல்லும்போது குரல் இறங்கியதை வேல்பாண்டி கவனித்தான்.

வெளியே வரும்போது டாக்டர் ரேணுகா வேல்பாண்டியை நிறுத்தினார். அவன் கண்ணையே உற்றுப் பார்த்தார்.

"லென்ஸா?"

"ஆமாங்க டாக்டர்."

"தூங்குறப்பக் கழட்டுறீங்களா?"

"ஞாபகம் இருந்தா."

"கீழ விழுந்தா என்ன செய்வீங்க?"

வேல்பாண்டி ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். விழுந்தால் வாயில் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்துக் கண்ணில் வைப்பான். அதைச் சொன்னால் டாக்டர் இங்கேயே ஒரு கட்டில் ஒதுக்கிவிடுவார் என்று பட்டது.

"மெத்துன்னு இருக்கிற இந்த லென்ஸ் பஞ்சு மாதிரி. எதுல போட்டாலும் குடிச்சு வச்சுக்கிட்டு, கண்ணுக்குள்ள போய்க் கக்கும்" என்றார் டாக்டர். "கண்ணு சிவந்தாலே லென்ஸைக் கழட்டி வைக்கணும். சாயங்காலம் உங்களையும் பார்க்கிறேன்."

ஸ்கூட்டரில் ஏறியதும் வேல்பாண்டி சொன்னான்: "அக்கா, பாட்டில்ல எதையோ கலந்துட்டான் காளிதாஸ். அவ்வளவுதான் கேஸு."

"எத்தனை கண்ணு கெட்டுருக்கு?"

"ஒண்ணு."

"லென்ஸ் எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டும் ஊறுனது ஒரே பாட்டில் மருந்துல. பாட்டில்ல விஷம்னா இடது கண்ணு மட்டும் என்ன, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமா? தனியா விட்டு வச்சிருக்கே."

வேல்பாண்டி யோசித்தான். யோசிக்கும்போது அவன் வண்டி வேகம் குறையும். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து அவனைத் தெளிய வைத்தது.

காளிதாஸ் பாட்டில் வாங்கிய கண்ணாடிக் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர் அழகுசுந்தரம், காளிதாஸ் பெயரைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"அந்தத் தம்பியா? எம் உசுரை எடுத்துட்டான்மா. கல்யாணப் பொண்ணுதானே, பச்சை லென்ஸ் இருக்கு, தேன் கலர் இருக்கு, போட்டோவுல தூக்கலா விழும்னு எடுத்துப் போட்டேன். டாக்டர் அளவெடுத்து எழுதிக் குடுத்தது எதுவோ அதை மட்டும் குடுங்கன்னுட்டான். டப்பாவுல தேதி பார்த்தான், சீல் பார்த்தான். மருந்துப் பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சு, லீக்கு இருக்கான்னு பார்த்தான். தங்கம் வாங்குறவன் கூட இம்புட்டுப் பார்க்க மாட்டான்."

"பவரு சரியா இருந்தாப் பத்தாதா?" என்றான் வேல்பாண்டி, பொதுவாகக் கேட்பது போல.

"நீளம் மட்டும் பார்த்துச் செருப்பு வாங்கினா கடிக்காதா தம்பி? கண்ணோட வளைவுக்கும் லென்ஸ் பொருந்தணும். கண்ணுல ஈரம் போதுமான்னும் டாக்டர் பார்க்கணும். நீங்க எங்க வாங்கினீக?"

"நமக்குத் தெரிஞ்ச கடையில" என்றான் வேல்பாண்டி. அது வளையல் கடை. ஸ்டிக்கர் பொட்டுக்கும் சவுரி முடிக்கும் நடுவில் லென்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் 'சோடாபுட்டி' என்று யாரோ அடுப்படியில் சொன்னது காதில் விழுந்த அன்றே வாங்கினான்.

கோட்டையூர் சாலையில் மீனாள் வாயைத் திறந்தாள்.

"பாண்டி, உன் லென்ஸ் எப்பவாவது கீழ விழுந்திருக்கா?"

"விழாம என்ன? விழுந்தா விழுந்ததுதான். தரையோட ஒட்டிக்கிட்டு, தண்ணியில தண்ணி கிடக்கிற மாதிரி கிடக்கும். தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேஞ்சிரும். கடைசியில நாமளே மிதிச்சிருவோம்."

"அந்தப் பொண்ணும் அம்மாவும் தேடிக் கிடைக்காதது, ராத்திரியோட ராத்திரியா டப்பாவுக்குள்ள வந்து படுத்திருக்கு. அதுவும் கோட்டையூர் வீடெல்லாம் ஆத்தங்குடிப் பூக்கல்லுத் தரை. அந்தப் பூ டிசைனுக்குள்ள ஒரு ரூபாயே தொலைஞ்சு போகும்."

"அப்ப தொலைச்சதா நெனச்சுக்கிட்டாங்கிறதுதான் சரி."

"அவ இடது, வலது பார்த்து ஒழுங்கா வைக்கிற பிள்ளை. விரல்ல இருந்து நழுவிச்சுன்னா நழுவிச்சு. காணாமப் போன சாமான் திரும்பி வந்தா, திருடன் யாருன்னு தேடக் கூடாதுடா. கண்டெடுத்தவன் யாருன்னு தேடணும்."

பத்தர் வீட்டு வாசலில் செருப்புகள் ஒரு சின்னக் கடை போடும் அளவுக்குக் கிடந்தன. சொந்தமெல்லாம் கூடிவிட்டது. மீனாள் படியில் நின்று, வேல்பாண்டியின் காதருகே சொன்னாள்: "உள்ள போய்க் கொஞ்ச நேரத்துல உன் லென்ஸ் ஒண்ணு கீழ விழணும்."

"எதுக்குக்கா?"

"விழுகணும்."

"ஒரு கண்ணு தெரியாமப் போயிருமே."

"நீ பாக்குற வேலைக்கு ஒரு கண்ணே ஜாஸ்தி."

முன்கூடத்தில் நடந்துகொண்டிருந்தது பஞ்சாயத்து. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காளிதாஸ் உட்கார வைக்கப்பட்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருப்பான். ஒல்லியாக, எதிர்த்துப் பேசிப் பழகாத முகம். அவனைச் சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள், இதுவரை அவனுடைய மாமன், சித்தப்பன் என்றிருந்தவர்கள். எல்லோருக்கும் தலைமையாகப் பத்தரின் அண்ணன் செம்மலை, மரக்கடைக்காரர், ஒரு காலை மடித்துப் போட்டு வீற்றிருந்தார். காப்பி முடிகிற வரை லென்ஸைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு போட்ட பெரியப்பா இவர்தான்.

"வாங்கம்மா, நேரத்துக்கு வந்தீக" என்றார் செம்மலை. "ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகப் போறோம். வாயில கொழுக்கட்டை வச்சவன் மாதிரி உக்காந்திருக்கான். குத்தம் உள்ள நெஞ்சு பேசுமா?"

"பேசினா வாயாடி, பேசாட்டிக் குற்றவாளி" என்று முணுமுணுத்தான் வேல்பாண்டி.

சிந்துவின் அம்மா சீதை கதவோரம் நின்றிருந்தாள். ஒரு பக்கம் மகள் கண். இன்னொரு பக்கம் கூடப் பிறந்த அண்ணன் மகன். எந்தப் பக்கமும் பேச முடியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"லென்ஸைக் கீழ இருந்து எடுத்து டப்பாவுல போட்டது நீங்களாம்மா?" என்று மீனாள் கேட்டாள்.

"நான் எங்க எடுத்தேன்? அவ பொருளை நான் தொட்டாலே கத்துவா. மருந்துல கை பட்டுரும்பா."

"அதான், மருந்து" என்று, அந்த ஒரு சொல் மட்டுமே காதில் விழுந்தவர் போலப் பத்தர் எழுந்தார். "அந்த மருந்துலதான் மருந்து வச்சுட்டான்." ஒரே சொல்லை லென்ஸ் தண்ணிக்கும் சொல்லி, சூனியத்துக்கும் சொல்லி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருந்தார் அந்த மனிதர். கூடம் முழுக்க அதற்குத் தலையாட்டியது.

மீனாள் வேல்பாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். வேல்பாண்டி கண்ணைக் கசக்கினான். கசக்கியதில் நடிப்பே தேவைப்படவில்லை. லென்ஸ் விரல் நுனிக்கு வந்தது, நழுவியது, பூப்போட்ட தரையில் எங்கேயோ விழுந்து காணாமல் போனது.

"ஐயையோ, என் லென்ஸு" என்றான்.

பஞ்சாயத்து கலைந்தது. தமிழனுக்கு ஒரு குற்றவாளியைப் பார்ப்பதைவிடச் சுவாரசியம், தொலைந்துபோன பொருளைத் தேடுவது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். செம்மலை குனியாமல் குனிகிறவர்களுக்கு வழி சொன்னார்.

"யாரும் நகராதீக" என்றது ஒரு குரல். பத்தர். "கால் எடுத்து வைக்காதீக. அந்தச் சன்னலைத் திற. லைட்டை அமத்து."

இதுவரை புலம்பிக்கொண்டிருந்தவர் வேறு ஆளாகிவிட்டார். தரையோடு தரையாகப் படுத்தார். கன்னத்தைக் கல்லில் வைத்தார். ஒரு கண்ணை மூடி, சன்னல் வெளிச்சம் தரையில் எப்படி வழுக்கி வருகிறது என்று மறு கண்ணால் பார்த்தார். விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கையை நீட்டி, செம்மலையின் கால் பெருவிரலுக்குப் பக்கத்திலிருந்து லென்ஸை ஒற்றி எடுத்தார். காற்றில் பறந்த தங்கப்பொடியைக்கூடத் தரையிலிருந்து பொறுக்கிச் சேர்க்கிற தொழில். அவருக்கு இது ஒரு வேலையே இல்லை.

"பத்தர் கண்ணுன்னா பத்தர் கண்ணுதான்" என்றார் யாரோ.

பத்தர் நிற்கவில்லை. லென்ஸோடு நேராகப் பட்டறைக்குள் போனார். சுவரோரம் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் பழுப்பாக, நுரை கட்டி ஏதோ இருந்தது. லென்ஸை அதில் போட்டார். ஒரு சின்னப் பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்தார். வேட்டி நுனியில் ஒற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு, கூடத்துக்கு வந்து வேல்பாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க தம்பி. புதுசாயிருச்சு. கண்ணுல வச்சுக்கங்க."

வேல்பாண்டி உள்ளங்கையைப் பார்த்தான். லென்ஸின் ஓரத்தில் இன்னும் நுரை இருந்தது. "அக்கா, சம்பளம் இல்லாம வேணும்னா வேலை பாக்குறேன். இதை மட்டும் வைக்கச் சொல்லாதீக."

"கிண்ணத்துல என்ன பத்தரே?" என்று மீனாள் கேட்டாள், கோபமில்லாமல்.

"பூந்திக்கொட்டை ஊறப்போட்ட தண்ணி. நகை கழுவுறதும்மா. பட்டறைப் பக்கம் எது கீழ விழுந்து எடுத்தாலும், அதுல ஒரு கழுவு கழுவித்தான்..."

வாக்கியம் முடியவில்லை. பத்தர் தன் கையைப் பார்த்தார். பிரஷ் இன்னும் அதிலேயே இருந்தது. கதவோரம் சீதை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ராத்திரி பட்டறையைப் பூட்டுறப்பக் கண்ணுல பட்டுருக்கு" என்றாள் மீனாள். "பிள்ளை தூங்கியிருப்பா. எழுப்ப வேணாம்னு நீங்களே கழுவி, டப்பாவுல போட்டுட்டீக. அப்படித்தானே?"

"காலையில பார்த்துச் சந்தோசப்படுவான்னு நெனச்சேன்" என்றார் பத்தர். "பூந்திக்கொட்டைம்மா அது. பச்சப்பிள்ளை தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறது. அதைப் போய் எப்படி மருந்துன்னு..."

"தலைக்குத் தேய்க்கிறப்ப ஒரு சொட்டுக் கண்ணுல பட்டாலே பிள்ளை வீலுன்னு கத்தும்ல. உங்க பொண்ணு அதுல ஊறின லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வச்சுக்கிட்டு, ரெண்டு ரவுண்டு காப்பி முடியிற வரைக்கும் உக்காந்திருக்கா."

செம்மலை மடித்திருந்த காலைக் கீழே விட்டார். குடும்ப மானத்துக்கு அவர்தான் காவல். அவர் மூளை வேகமாக வேலை செய்வதைப் பார்க்கும்போது வேல்பாண்டிக்குப் பிரமிப்பாக இருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் செம்மலை. "டாக்டர்கிட்டப் பூந்திக்கொட்டைன்னு மட்டும் சொல்லுவோம். யாரு என்னன்னு கேட்டா, காளிதாஸு தெரியாமக் கழுவிட்டான்னு சொல்லிக்கிருவோம். பெத்த தகப்பனே மக கண்ணைக் கெடுத்தான்னு நாச்சியாபுரத்துக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாக? அவனுக்கு எப்படியும் கெட்ட பேரு வந்தாச்சு. இதுவும் அதோட சேர்ந்து போகட்டும்."

கூடத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. கொஞ்ச நேரம் முன்பு அவனை ஸ்டேஷனுக்கு அனுப்ப ஆடிய அதே தலைகள்.

காளிதாஸ் முதல்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, டாக்டரின் நம்பரைப் போட்டு, பத்தரிடம் நீட்டினான்.

"யாரு பேரை வேணும்னாலும் சொல்லுங்க மாமா. என் பேரையே சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க. அந்தச் சொட்டு மருந்தை ஆரம்பிக்கணும்ல."

பெண் மறுக்கப்பட்டவன், கள்ளன் மாதிரி உட்கார வைக்கப்பட்டவன், அவளுடைய கண்ணை மட்டும் நினைத்துக்கொண்டு நிற்கிறான். இவனுக்கா பெண் இல்லை என்றார்கள் என்று வேல்பாண்டிக்கு ஆத்திரமாக வந்தது. மீனாள் பத்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தர் போனை வாங்கினார். அவசரத்தில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, டாக்டரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஹலோ, யாரு பேசுறது?"

"கோட்டையூர் நாகேந்திரன்மா. சிந்து அப்பா."

"என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சுதா?"

பத்தர் அண்ணனைப் பார்த்தார். செம்மலை கண்ணாலேயே காளிதாஸைக் காட்டினார். பத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தரையில விழுந்த லென்ஸைப் பூந்திக்கொட்டைத் தண்ணியில போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சதும்மா. வேற ஒண்ணும் இல்லை. பாட்டில் நல்ல பாட்டில்தான்."

"அப்பாடா" என்றார் டாக்டர். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "கீறலும் வெந்ததும் அதான். தரையில விழுந்திருக்கு, கிருமிக்கும் சேர்த்தே விட்டுக்கிட்டு, அந்தச் சொட்டையும் இப்பவே ஆரம்பிச்சிடுறேன். நேரத்துக்குச் சொன்னீங்க. கண்ணைக் காப்பாத்திரலாம்னுதான் நினைக்கிறேன். ஆனா கல்யாணத்துக்கு லென்ஸ் கிடையாது. கண்ணாடிதான்."

"போடட்டும்மா" என்றார் பத்தர். "கண்ணாடியோடவே உக்காரட்டும். வேணாங்கிறவுக எந்திரிச்சுப் போகட்டும்."

செம்மலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் டாக்டர். "போலீஸ் கேஸுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. எனக்கும் ஸ்டேஷன்ல இருந்து கேப்பாங்க. செஞ்ச ஆளைப் பிடிச்சாச்சா?"

பத்தர் ஒரு நிமிஷம் காளிதாஸையே பார்த்தார். அப்புறம் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிடிச்சாச்சும்மா. இப்ப உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்கான்."